கஞ்சி போட்ட காலுறைகள்

அன்புள்ள மாஸ்டர்,

"கணக்கு சார், இதுல எத்தினி ஜோடி நடந்து பாத்துச்சு?" என்று ஒருநாள் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். இன்று காலை அந்தக் கேள்வி கஞ்சி வாசனையோடு திரும்பி வந்தது. எதிர்வீட்டுப் பெண் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பருத்திப் புடவைகளைக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து மாடிக் கொடியில் போட்டிருந்தாள். வெயில் ஏறியதும் அந்தச் சோற்று மணம் தெருவைத் தாண்டி என் நாற்காலிவரை வந்தது. மடியில் நாளிதழ் இருந்தது. ராணுவத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள். விமானத்துக்கு இவ்வளவு, கப்பலுக்கு இவ்வளவு, உடுப்புக்கும் காலணிக்கும் இவ்வளவு. அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் பேப்பரை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "சரி சார், போட்டுட்டு நடந்தவன் இன்னா சொன்னான்? அதக் காணுமே" என்று கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உங்களைப் பற்றி நான் யாரிடமாவது பேசினால், பட்டாளத்திலிருந்து வந்து செஞ்சியில் டிரில் மாஸ்டராக இருந்தவர், விசில் ஊதினால் கடைத்தெரு வரைக்கும் கேட்கும் என்றுதான் தொடங்குகிறேன். எல்லாரும் சிரிப்பார்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டிருக்கிறேன். அதில் என் தவறும் இருப்பதால் இருக்கலாம். இன்று அதை எழுதிவிடுகிறேன்.

அறுபத்திரண்டின் கடைசி அது. சீனாவோடு சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆனால் போனவர்கள் மலையிலேயே இருந்தார்கள். என் தம்பி ஏழுமலையும் அங்கேதான் இருந்தான். அவன் கடிதங்களில் இடத்தின் பெயர் இருக்காது. "நான் நலம். குளிர் இருக்கிறது. அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்" என்ற மூன்று வரிகளே இருக்கும். குளிர் என்றால் எங்களுக்கு மார்கழி மாதத்துக் காலைதான். அதற்கு மேல் ஒரு குளிரை எங்கள் வீட்டில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் "அவனுக்கு அங்க நெருப்பு இருக்குமாடா?" என்று கேட்பாள். இருக்கும் என்பேன்.

அந்த மார்கழியில்தான் நம் பள்ளிக்கூடத்துக்குக் கம்பளி நூல் வந்தது. பச்சை நூல், மூட்டை மூட்டையாக. ஜவான்களுக்குக் காலுறை பின்னித் தர வேண்டும் என்று உத்தரவு. கூடவே ஒரு படிவம். வந்த நூல் எத்தனை பவுண்டு, செலவான நூல் எத்தனை பவுண்டு, ஒப்படைத்த காலுறை எத்தனை ஜோடி என்று மூன்று கட்டம். நூல் மிச்சமானால் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அடுத்த தவணையில் அந்த அளவுக்குக் குறைத்தும்விடுவார்கள். ஜோடி அதிகமானால் அடுத்த தடவை நூலும் அதிகம். பொறுப்பை ஹெட்மாஸ்டர் என்னிடம் கொடுத்தார். கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?

நம் ஊரில் காலுறை போட்டவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள், மாஸ்டர்? ஹெட்மாஸ்டர், டாக்டர், நீங்கள். அவ்வளவுதான். பின்னத் தெரிந்தவர் மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் வரும் தையல் டீச்சர் ஒருவர் மட்டும். அவர் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் தங்கள் அம்மாக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னல் ஊசிக்கு எங்கே போவது? சைக்கிள் கடையில் பழைய சக்கரக் கம்பிகளை வாங்கி, முனையைச் சிமென்ட் தரையில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டார்கள். கடைத்தெரு செட்டியார் வீடுகளில் மத்தியானம் கதவைத் தட்டினால் கம்பிகள் உரசும் சத்தம் கேட்கும். அளவுக்கு அவரவர் வீட்டு ஆண்களின் கால்தான். செருப்பில்லாமல் வரப்பில் நடந்து விரிந்த கால்.

நான் செய்த முதல் வேலை, பள்ளிக்கூட வாசல் கரும்பலகையில் எண் எழுதியது. இன்று நாற்பது ஜோடி, இன்று அறுபத்தெட்டு ஜோடி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் எண்ணையும் விசாரித்துக் கீழே எழுதினேன். பிள்ளைகள் காலையில் வந்ததும் பையை வைப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள். எண் ஏற ஏற ஏழுமலையின் குளிர் குறைவதாக எனக்குள் ஒரு நினைப்பு. அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும்.

இரண்டாவது வேலைதான் பெரிய தவறு.

பின்னி முடித்த காலுறைகள் தொளதொளவென்று கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் சரிந்தன. பார்ப்பதற்கு ஏதோ பழந்துணிக் குவியல்போல இருந்தன. எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டாளத்துக்குப் போகிற பொருள் இப்படியா போவது? எங்கள் வீட்டில் மரியாதைக்குரிய எந்தத் துணியும் கஞ்சி போடாமல் வெளியே போகாது. என் சட்டை, அப்பாவின் வேட்டி, கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுக்கும் துண்டு, எல்லாம் கஞ்சி போட்டுப் பெட்டி போட்டதுதான். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு வடித்த கஞ்சி தினமும் அண்டா அண்டாவாக மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சமையல் செய்யும் முனியம்மாவைக் கூப்பிட்டு, அதை எடுத்து வையுங்கள் என்றேன்.

"கம்பிளிக்கா சார்?" என்று அவர் ஒரு தடவை கேட்டார். கேட்கத்தான் செய்தார்.

"ஆமாம்மா, நல்லா சூடா இருக்கும்போதே முக்குங்க. அப்பதான் புடிக்கும்" என்றேன் நான்.

கஞ்சியில் முக்கி, உலர்த்தி, கரிப்பெட்டியால் தேய்த்ததும் காலுறைகள் அட்டைபோல நிமிர்ந்தன. பத்துப் பத்தாகக் கட்டி அடுக்கினோம். ஹெட்மாஸ்டர் வந்து பார்த்து, "கடையில வாங்கின மாதிரி இருக்குதே" என்று தடவிக்கொடுத்தார். முந்நூற்றுப் பத்து ஜோடி. பக்கத்து ஊரில் இருநூற்று எழுபதுதான். திங்கட்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று செய்தி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் அந்த அறைக்கு வந்தீர்கள். ஒரு ஜோடியை எடுத்து, தட்டிப் பார்த்து, உள்ளே கையை விட்டுப் பார்த்து, அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். எத்தனை ஜோடி நடந்து பார்த்தது என்று.

"புதுசு மாஸ்டர். யாரும் போடலை. போட்டா அழுக்காகிடாதா?" என்றேன்.

"அழுக்காவறதுக்குத்தானே சார் பின்றோம்?"

படிவத்தை எடுத்து உங்களிடம் நீட்டினேன். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது. நூல் துளிகூட மிச்சமில்லை. நீங்கள் அதை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தீர்கள்.

"கணக்கு சுத்தமா இருக்குது. காலுக்குன்னு ஒரு கட்டம் இல்ல, அவ்ளோதான். நாளைக்கு லீவுதானே? காலைல வாங்க, ராஜகிரி ஏறலாம்."

கையில் இருந்த ஜோடியை நீங்களே எடுத்துக்கொண்டு போனீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. முந்நூற்றுப் பத்தில் ஒன்று குறைகிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீங்கள் பட்டாளத்து பூட்ஸோடு ராஜகிரிக் கோட்டை வாசலில் நின்றிருந்தீர்கள். உள்ளே நம் பச்சைக் காலுறை. நேராகப் படிக்குப் போவீர்கள் என்று பார்த்தால், செட்டிக்குளத்தில் இறங்கி முழங்கால்வரை நனைத்துக்கொண்டு வந்தீர்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது.

"இது இன்னாத்துக்கு மாஸ்டர்?"

"பனி காலுக்குள்ள வந்தா தண்ணிதான் சார். அங்க குளம் தேடிப் போக வேணாம், அதுவே தேடி வரும்."

ஏறினோம். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பத்துப் படிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினேன். நீங்கள் ஒரே சீராக ஏறினீர்கள். பாதி வழியில், அம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்தபோது கீழே கோட்டையின் பழைய நெற்களஞ்சியம் தெரிந்தது. சரித்திர வாத்தியார் அதைப் பற்றிச் சொன்னதை உங்களுக்குச் சொன்னேன், அதில் எத்தனை ஆயிரம் மூட்டை நெல் கொட்டலாம் என்று. நீங்கள் தலையாட்டிவிட்டு, "கொட்டுனத சொல்றாங்க. முற்றுகையப்ப மேல காவல் நின்னவன் வயிறு ரொம்பிச்சான்னு எங்கியாவது எழுதியிருக்குதா?" என்றீர்கள். எழுதியிருக்காது என்றேன். "எழுதியிருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். அடுத்த ராஜாவுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

உச்சிக்குப் போகும் பாலம்வரை உங்கள் நடையில் மாற்றம் இல்லை. இறங்கும்போதுதான் பார்த்தேன். இடது காலை முழுவதுமாக ஊன்றாமல், ஓரமாக வைத்து இறங்கினீர்கள். கேட்டதற்கு, "பேசாம வாங்க" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு குரலை அதுவரை நான் கேட்டதில்லை. கல்யாண மகாலுக்கு முன்னால் கல்லில் உட்கார்ந்து, "சார், கொஞ்சம் புடிச்சி இழுங்க, வர மாட்டேங்குது" என்று காலை நீட்டினீர்கள்.

பூட்ஸ் வரவில்லை. இழுத்தேன். வந்தபோது காலுறையும் தோலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கஞ்சி கரைந்து கூழாகி, கூழ் உரசி, குதிகாலிலும் விரல் மடிப்பிலும் கொப்புளம் வந்து, கொப்புளம் உடைந்திருந்தது. சூட்டில் முக்கியதால் கம்பளி சுருங்கி முன்பக்கம் கல்போல இறுகியிருந்தது. மெதுவாக உரித்தேன். கை முழுக்கச் சோற்று வாசனை.

இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

மூன்று வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை செய்திருக்கிறோம். நீங்கள் எங்கும் பூட்ஸைக் கழற்றியதில்லை. கோயிலுக்கு வந்தாலும் வெளியிலேயே நின்றுவிடுவீர்கள். பட்டாளத்துத் திமிர் என்று நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. நானும் பேசியிருக்கிறேன்.

"இது காஷ்மீர்ல" என்றீர்கள், யாரோ ஒருவர் காலைக் காட்டுவதுபோல. "இன்னா ஆச்சுன்னா, போட்டிருந்த ஜோடி நனைஞ்சிட்டுது. மாத்திக்கலாம்னா பையில இன்னொரு ஜோடி இருந்துச்சு. ஆனா அது சின்னது. ஏறல. ராத்திரி பூரா ஈரத்துலயே இருந்தேன். காலைல ரெண்டு வெரலும் கறுத்துப்போச்சு, வெட்டி எடுத்துட்டாங்க. ஸ்டோர்ல எம்பேர்ல ரெண்டு ஜோடி குடுத்தாச்சுன்னு இருக்குது. அது பொய் இல்ல சார். ரெண்டு ஜோடி குடுத்தாங்க."

சட்டைப் பையில் ஏழுமலையின் கடைசிக் கடிதம் இருந்தது. அந்த வாரம் எங்கே போனாலும் அதை வைத்துக்கொண்டுதான் போனேன். முந்நூற்றுப் பத்து ஜோடியில் ஏதோ ஒன்று அவனுக்கே போய்ச் சேரும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். நானும் பாதி நம்பினேன். அந்த ஜோடி இப்போது என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கஞ்சி என் யோசனை மாஸ்டர்" என்றேன் கடைசியில்.

"தெரியும். முனியம்மா சொல்லுச்சு." கொஞ்சம் சிரித்தீர்கள். "சட்டைக்குப் போடற ஆளு, சாக்ஸுக்கும் போட்டுட்டீங்க. ஆசையா செஞ்சது சார். அத நான் குத்தம் சொல்லல. ஆனா இது போவக் கூடாது."

மறுநாள் காலை ஹெட்மாஸ்டர் அறையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் கெட்டவர் இல்லை. இப்போது நினைத்தால் அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. முந்நூற்றுப் பத்து என்று தாசில்தாரிடம் சொல்லியாகிவிட்டது. லாரி பதினொரு மணிக்கு வந்துவிடும். ஜோடி குறைந்தால் நூல் எங்கே என்று கேட்பார்கள். அதற்கு நூலைத் தின்றுவிட்டோம் என்றா எழுத முடியும்? உங்கள் வேலையோ அப்போது தற்காலிகம்தான். உறுதி செய்யும் காகிதம் அவர் மேசையில் இருந்தது. உங்களுக்கும் அது தெரியும்.

"என்ன மாஸ்டர், நொண்டறீங்க?" என்றார்.

"ராஜகிரி ஏறினேன் சார்."

"இந்த வயசுல எதுக்கு? சரி, விஷயத்துக்கு வாங்க. மேல இருந்து கேட்டது ஜோடி. நாம குடுக்கறது ஜோடி. அதுல கஞ்சி இருக்குது, சுருங்கியிருக்குதுன்னா, அவங்க ஒரு தரம் அலசிப்பாங்க. ராணுவத்துக்கு அலசத் தெரியாதா?"

"அலச அங்க தண்ணி இல்ல சார். ஐஸுதான் இருக்குது."

"மாஸ்டர், இப்படி ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்துக்கினு இருந்தா, அடுத்த சண்டைக்குத்தான் அனுப்ப முடியும். அடுத்த தடவை நூலை வேற குறைச்சிடுவாங்க. அந்தப் பழி யாருக்கு?"

நீங்கள் இடது காலைக் காட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதைக் காட்டி ஜெயிக்க உங்களுக்கு விருப்பமில்லை. மேசைமேல் இருந்த கூஜாத் தண்ணீரை நன்றாகச் சுருங்கிய ஒரு காலுறைக்குள் ஊற்றிப் பிழிந்து அவரிடம் நீட்டினீர்கள்.

"கைய உள்ள வுட்டுக்கினு படிவத்துல கையெழுத்து போடுங்க சார். கால் மணி நேரம் போதும். அப்புறம் நீங்க சொல்றபடி நடக்கறேன்."

வேறு ஹெட்மாஸ்டராக இருந்தால் வெளியே போ என்றிருப்பார். இவர் முதலில் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைக் கையை மடித்துக்கொண்டு இடது கையை உள்ளே விட்டார். முழுதும் போகவில்லை. நாலு விரல் மட்டும் போயிற்று. வலது கையால் ஏதோ கடிதம் எழுத ஆரம்பித்தார். நாம் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். கடிகாரம் ஓடியது. பத்து நிமிஷத்தில் எழுதுவதை நிறுத்தினார். விரலை அசைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கையை இழுத்தபோது வழுவழுவென்று கூழ் இழை நீண்டது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இது நம்ம மத்தியானச் சோறாய்யா?"

"ஆமா சார்" என்றேன் நான். "கஞ்சி போடச் சொன்னது நான்தான். மாஸ்டர்மேல ஒண்ணும் இல்ல. என் தம்பி அங்க இருக்கான் சார். இத அனுப்பாதீங்க."

அவர் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தை இழுத்து, முந்நூற்றுப் பத்தை அடித்தார்.

கடைசியாக வந்து, கஞ்சியில் முக்க நேரமில்லாமல் அப்படியே கட்டில் சேர்ந்தவை என்று பொறுக்கியதில் தொண்ணூற்று நாலு ஜோடி தேறின. லாரிக்காரர் ரசீதில் அதை எழுதும்போது, "இவ்ளோதானா? போர்டுல வேற போட்டிருந்தீங்களே" என்று கேட்டார். அவர் போனதும் நானே போய்க் கரும்பலகையைத் துடைத்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். தையல் டீச்சர் அழுதுவிட்டார். கடைத்தெருவில் ஓர் அம்மா, "ஒரு மாசம் கண்ணு கெட்டுப் பின்னினேன், நீங்க ஒரு நாள்ல அவிச்சிட்டீங்களே சார்" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். முனியம்மாவிடம் கஞ்சியால் வந்த வினை என்று ஏதோ சொல்லிவிட்டேன். "கஞ்சிய பேசாதீங்க சார், அது சோத்துலருந்து வந்தது. ஊத்தச் சொன்ன வாயப் பேசுங்க" என்றார். நியாயம்தான். பச்சைத் தண்ணீரில் நாலு தரம் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கினோம். லேசாகச் சுருங்கியவற்றைப் பிரித்து மறுபடி பின்னினார்கள். சுருங்கி இறுகியவற்றைப் பிரிக்கவே முடியவில்லை. எண்பது ஜோடிக்குமேல் அப்படிப் போயின. பள்ளிக்கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் அவை பூச்சி அரிக்கும்வரை கிடந்தன. வேறு எதற்கும் உதவவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது தடவை பின்னும்போது நீங்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்தினீர்கள். பத்து ஜோடி முடிந்ததும் அதில் ஒரு ஜோடியை யாராவது நனைத்துப் போட்டுக்கொண்டு ராஜகிரி அடிவாரம்வரை போய் வர வேண்டும். காலில் எங்கே சிவக்கிறதோ, அங்கே பின்னல் மாறும். அடிப்பாதத்தில் இருந்த தையல் அப்படித்தான் பக்கவாட்டுக்குப் போயிற்று. குதிகால் இரட்டையானது. ஹெட்மாஸ்டரே ஒருநாள் போய் வந்தார். பெரிய கால், நடுக்கால், சின்னக் கால் என்று மூன்று அளவு வந்தது. ஜோடிக்கு நூல் அதிகம் பிடித்தது. எண்ணிக்கை குறைந்தது.

இன்னொன்றும் செய்தீர்கள். ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம். தமிழிலும் உங்களுக்குத் தெரிந்த பட்டாளத்து இந்தியிலும் நீங்களே எழுதினீர்கள். "இது எங்கே கடித்தது? எங்கே கிழிந்தது? எழுதினால் அடுத்ததைச் சரியாகப் பின்னுவோம்." கீழே பள்ளிக்கூடத்து விலாசம். வாழ்த்து ஏதாவது சேர்க்கலாமே என்று நான் கேட்டேன். "வாழ்த்து போட்டா திருப்பி வாழ்த்துதான் வரும் சார். கேட்டாத்தான் சொல்லுவான்" என்றீர்கள்.

மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொடுத்த நூலுக்கு ஒப்படைத்த ஜோடி குறைவு என்று. அடுத்த தவணையில் நமக்கு வந்த நூல் பாதிதான். ஹெட்மாஸ்டர் அந்தக் கடிதத்தை உங்களிடம் காட்டவில்லை. என்னிடம் மட்டும் காட்டிவிட்டு இழுப்பறையில் போட்டார். அதற்கு அடுத்த வாரம் உங்கள் வேலையை உறுதி செய்து கையெழுத்துப் போட்டார். இரண்டையும் அவர் ஒன்றாகச் சேர்த்துப் பேசவே இல்லை.

பங்குனியில் பதில்கள் வர ஆரம்பித்தன. மொத்தம் பதினொன்று. நான் அவற்றை வாசல் கரும்பலகையில் எழுதினேன். எண்ணிக்கை இருந்த அதே இடத்தில். "கிழியவில்லை. ஆனால் நனைந்தால் காய மூன்று நாள் ஆகிறது." "கட்டைவிரல் பக்கம் முடிச்சு குத்துகிறது." "என் கால் பெரியது, நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன், அவனுக்குச் சரியாக இருக்கிறது." ஒருவர் இந்தியில் திட்டியே எழுதியிருந்தார். நீங்கள் அதை மொழிபெயர்க்கும்போது கெட்ட வார்த்தையை விட்டுவிட்டுப் படித்தீர்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது. மறுநாள் எல்லாருமாகச் சேர்ந்து அந்த முடிச்சை வெளிப்பக்கம் மாற்றினார்கள். முந்நூற்றுப் பத்து என்று பலகையில் எழுதியிருந்த நாட்களில் யாரும் எதையும் மாற்றியதில்லை.

ஏழுமலை சித்திரை கடைசியில் லீவில் வந்தான். கறுத்து, மெலிந்து, காது நுனி உரிந்து வந்தான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு நீங்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தீர்கள். அவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். நீங்கள் வணக்கம் சொன்னீர்கள், யூனிட் பேர் கேட்டீர்கள். பேசிக்கொண்டே உங்கள் பார்வை கீழே இருந்தது. உதடு அசைந்தது. நீங்கள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, பத்தும் இருக்குது. சோறு போடுங்க" என்றீர்கள் உள்ளே பார்த்து.

அம்மாவுக்கு அது புரியவில்லை. ஏழுமலைக்குப் புரிந்தது. உங்கள் பூட்ஸை ஒரு தடவை பார்த்தான். அன்று எங்கள் வீட்டு வாசலில் நீங்கள் முதல் முறையாகப் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பிட்டீர்கள்.

நம் பள்ளிக்கூடத்துக் காலுறை அவனுக்குக் கிடைத்ததா என்று கேட்டேன். வேறு எங்கிருந்தோ வந்ததுதான் கிடைத்ததாம். எந்த ஊர் என்று தெரியாதாம். "போட்டா காலு உரசி எரிஞ்சிச்சு அண்ணா. துப்பாக்கி தொடைக்க வெச்சிக்கினோம்" என்றான். அதைப் பின்னிய ஊரிலும் ஒரு பலகை இருந்திருக்கும். அதில் ஓர் எண்ணும் இருந்திருக்கும்.

மாஸ்டர், அதற்குப் பிறகு முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு கிணறு வெட்ட எத்தனை ஆள், எத்தனை நாள் என்ற கணக்கைப் போட்டு முடித்ததும், "சரி, தண்ணி வந்துச்சா?" என்று கேட்காமல் நான் அடுத்த கணக்குக்குப் போனதில்லை. பிள்ளைகள் எனக்குத் 'தண்ணி வந்துச்சா வாத்தியார்' என்றே பெயர் வைத்தார்கள். ராணுவமோ ஆஸ்பத்திரியோ பஞ்சாயத்தோ, கொடுத்ததை எழுத ஆயிரம் கட்டம் இருக்கிறது. வாங்கினவனுக்கு என்ன ஆயிற்று என்று எழுதவும் ஒரு கட்டம் வேண்டும். அது இல்லாத காகிதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எனக்குப் பாதிக் காகிதம்தான்.

ஆனால் தெரிந்ததெல்லாம் பழக்கமாகிவிடுவதில்லை. ஓய்வு பெற்ற வருஷம் பனமலைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து பெஞ்சு செய்து கொடுத்தேன். மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகத் தூங்கினேன். எட்டு மாதம் கழித்துத்தான் உங்கள் கேள்வி ஞாபகம் வந்து, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. சின்னப் பெண் ஒருத்தி, "கால் மரத்துப் போவுது தாத்தா, அதான் கீழ உக்காந்துக்கறோம்" என்றாள். தச்சரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாப் பெஞ்சுகளின் காலையும் அறுத்துக் குறைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் உங்களிடம் சொல்வதற்காக அதை வார்த்தை வார்த்தையாக அடுக்கிக்கொண்டு வந்தேன். அப்போது நீங்கள் இருந்தீர்கள். சொன்னேன். "எட்டு மாசம் லேட்டு சார்" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்களிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்தத் தாமதத்தைக் குறைத்துக்கொள்ளும் முயற்சிதான். இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு எட்டாது. வேறு யாராவது படிப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்த வருஷம் நீங்கள் யாருக்காவது ஏதாவது கொடுத்திருப்பீர்கள். இந்த வாரம் அவரிடம் போய், அது எங்கே கடிக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.